எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பவும்

போர்முனைப் பதுங்குகுழியில் படுத்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக, என் வீட்டுக் கொல்லையில் செப்டிக் டேங்குக்குத் தோண்டியிருந்த பள்ளத்தில் ஒரு சாயங்காலம் தலையணையோடு இறங்கிப் படுத்தவன் நான். இதை மறைக்க எவ்வளவோ முயன்றேன். எங்கள் தெருவில் ஒருவன் மாத்திரை மாற்றினாலே டீக்கடைக்குத் தெரிந்துவிடும். பள்ளத்தில் படுத்ததையா விட்டுவைப்பார்கள்?

ஒரு பத்திரிகை, போர்க்காலத்தில் சிப்பாய்கள் குழிகளுக்குள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி "உங்க பாணியில, கொஞ்சம் சிரிப்பா" ஒரு கட்டுரை கேட்டிருந்தது. எலி, பேன், சேற்றிலேயே நின்று அழுகிய பாதங்கள் எனச் சிரிப்புக்குக் குறைவில்லாத விஷயம். இதைப் பற்றி நான் படித்திருக்கும் புத்தகங்களை அடுக்கினால் பரணில் இடம் போதாது. போதவில்லை என்று என் மனைவி பலமுறை சொல்லியும் இருக்கிறாள். ஆனால் படித்தது மட்டும் போதாது, அனுபவம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. நடுத்தர வயதில் ஆண்களுக்கு வரும் இந்த மாதிரி யோசனைகளுக்கு மருந்து கிடையாது.

இறங்கிய சிறிது நேரத்தில் தூறல் பிடித்தது. விருத்தாசலத்து மண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கோப்பையாகவும் ஜாடியாகவும் கொலு பொம்மையாகவும் ஆகிற மண் இது. நனைந்தால், பிடித்ததை விடாது. என் வலது செருப்பைப் பிடித்தது. பிறகு இடது. எறும்புகள் வந்தன. மேலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீர் வந்தது. நான் உள்ளே இருப்பது தெரியாமல்தான் ஊற்றியதாக மனைவி இன்றுவரை சொல்கிறாள். நானும் இன்றுவரை நம்பவில்லை.

அப்போதுதான் பள்ளத்தின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த மிலிட்டரிக்காரர்.

"சார், கூட யாரு?"

"யாரும் இல்லைங்க. நான் மட்டுந்தான்."

என் தலையணையைப் பார்த்தார். "ஒண்டியா படுத்தா அது மோர்ச்சா இல்ல சார். பள்ளம்."

பட்டாளத்தில் பதுங்குகுழிக்கு மோர்ச்சா என்று பெயர். அவர் குனிந்து கை கொடுத்தார், நான் வெளியே வந்தேன், செருப்பு வரவில்லை. மறுவாரமே கொத்தனார் காங்கிரீட் போட்டுவிட்டதால் என் போர்க்காலச் சின்னம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் தெருவில் பாதிப் பேர் யாரது என்றுதான் கேட்பார்கள். எல்லோருக்கும் அவர் மிலிட்டரி, அவர் மனைவி மிலிட்டரியக்கா. ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், கார்கில் சண்டை நேரத்தில் எல்லைமலை ஒன்றில் கிடந்து, ஓய்வு பெற்று, அக்காவுக்குச் செராமிக் பட்டறையில் வேலை இருந்ததால் எங்கள் ஊரில் குடியேறியவர். அக்கா அங்கே கோப்பைகளுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தார். இவர் ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு இருந்தார். எனக்குத் தெரிந்து ஏ.டி.எம். வாசலில் தூங்காத காவலாளி அவர் ஒருவர்தான். போன வருஷம் மகளோடு இருக்க இருவரும் ஓசூருக்குப் போய்விட்டார்கள்.

யுத்தத்துக்குப் போய் வந்தவர் என்றால் ஊர் சில கதைகளை எதிர்பார்க்கும். அதில் அவர் பெரிய ஏமாற்றம். டீக்கடையில் யாராவது ஆரம்பிப்பார்கள்.

"மிலிட்டரி, நெசமா சொல்லுங்க, எத்தினி பேர சுட்டீங்க?"

"அத வுடுங்க. ஈர சாக்ஸ எப்புடி காய வைக்கிறதுன்னு தெரியுமா? வயித்து மேல வச்சுக்கிட்டு படுக்கணும். சட்டைக்கு உள்ளாற. விடியறதுக்குள்ள காஞ்சிடும்."

"நாங்க துப்பாக்கியப் பத்தி கேட்டா நீங்க சாக்ஸப் பத்தி சொல்லுறீங்க."

"துப்பாக்கி எப்பவாச்சுந்தான். சாக்ஸு தினமும் இருக்குதே."

இதுதான் அவர். யுத்தம் முழுவதையும் அவர் படுக்கையின் பக்கமிருந்தே பார்த்தார். கல் அடுக்கி, மண்மூட்டை வைத்து, மேலே தகரம் போட்ட குழி. பகலில் தகரத்தின் மேல் பனி உருகிச் சொட்டும், ராத்திரியில் சொட்டினது கட்டியாகும். காலையில் காலணி கல்லாகிவிடாமல் இருக்க அதையும் போர்வைக்குள் கூடவே படுக்க வைக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் உறையாமல் இருக்கப் பாட்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பின் புகையில் மூக்கைச் சிந்தினால் கரி. எலிக்கு மட்டும் எல்லாக் குளிரிலும் எப்படியோ பசி எடுக்கும். "என் கால் வெரலத் தின்ன வந்துச்சு சார். பக்கத்துல கேரளாக்காரன் காலு இன்னும் நல்லாருந்துச்சு போல, அங்க போயிடுச்சு."

இரண்டு பேருக்கான குழியில் நான்கு பேர். இவர், ஒரு கேரளாக்காரர், ஒரு தெலுங்குக்காரர், ஒரு கன்னடத்துக்காரர். நான்கு பேருக்குமாகப் போர்வைகளை ஒன்றாகப் போட்டு, ஒருக்களித்து, முன்னால் படுத்தவன் முழங்காலுக்குப் பின்னால் தன் முழங்காலை மடித்துச் செருகிப் படுக்க வேண்டும். பெட்டியில் கரண்டி அடுக்குகிற மாதிரி. ஒருவன் மட்டும் திரும்ப முடியாது. திரும்பினால் போர்வை விலகும், நான்கு பேருக்கும் குளிர் ஏறும். அதனால் எவனுக்குக் கை மரத்துப்போகிறதோ அவன் ஒரு வார்த்தை சொல்வான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். மேலே குண்டு விழுந்துகொண்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

"என்ன வார்த்தை?" என்று நான் கேட்கவில்லை. உலகத்திலுள்ள போர்ப் புத்தகங்களையெல்லாம் படித்தவனுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு குடும்பத்தில் பல வருஷக் கருவாட்டைத் தவிர்த்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சுதந்திர தின விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். ஏற்பாடு செய்தது நான். "வீரம் பற்றி நாலு வார்த்தை" என்று அழைப்பிதழில் போட்டோம். அவர் மேடையேறி, எல்லோருக்கும் சல்யூட் அடித்து, குழிக்குள் மழைத் தண்ணீர் வந்தால் எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தேசியக் கொடியைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "அங்க பாத்ரூமு எங்க சார் போவீங்க?" என்றாள். சபை சிரித்தது. அவர் மட்டும் விறைத்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். "இத்தினி பேருல நீதாம்மா கேள்வி கேட்டுருக்குற" என்று சொல்லி, விலாவாரியாகப் பதிலும் சொன்னார். அதன் பிறகு சிறப்பு விருந்தினர் ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வரவில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கம். எங்கே உட்கார்ந்தாலும் ஓரத்தில் உட்காருவார். டீக்கடை பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தாலும் கடைசி முனையில், பாதி உடம்பு வெளியே தொங்க. திட்டக்குடி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் தனியாகப் போனாலும் அப்படித்தான். யாரோ வந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கு இடம் வேண்டும் என்கிற மாதிரி. கேட்டால், "பழகிப்போச்சு சார், ஓரம்னா எனக்கு" என்பார்.

இனி கருவாட்டு விஷயம். ஊரில் அவருக்குக் கருவாட்டு மிலிட்டரி என்று ஒரு பட்டம் உண்டு. காரணத்தை மிலிட்டரியக்காவே என் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"கல்யாணமான புதுசுல பாத்தேங்க. தூக்கத்துல கருவாடு கருவாடுங்குறாரு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. பாவம், அந்த மலையில என்னாத்தக் கண்டிருப்பாரு மனுசன்! சரி சரி, நாளைக்கு செய்யிறேன், திரும்பிப் படுங்கன்னுட்டு நானும் திரும்புனேன். ஒடனே திரும்பிப் படுத்துட்டாரு கொழந்தையாட்டம்."

மறுநாள் கருவாட்டுக் குழம்பு. இரண்டு நாள் போனால் தூக்கத்தில் மறுபடி கருவாடு. அக்கா மறுபடி "செய்யிறேன்" என்பார், அவர் திரும்பிப் படுப்பார். மங்கலம்பேட்டைச் சந்தையில் கருவாடு விற்பவர் அக்காவைத் தூரத்தில் கண்டாலே பொட்டலம் மடிப்பார். நெத்திலி, வாளை, சுறா என்று எங்கள் தெருவே மணந்தது. அவரும் தட்டில் விழுந்ததை ஒரு சொல் பேசாமல் வழித்துச் சாப்பிட்டார்.

பத்திரிகை கேட்ட கட்டுரையை நான் அதுவரை கொடுத்திருக்கவில்லை. தாமதம் என் பாணி. அதற்குள் மழைக்காலம் வந்து, அந்த வருஷம் வானம் விடாமல் கொட்டியது. மணிமுத்தாற்றில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போக, எங்கள் பக்கத்து வாய்க்கால் ஒரு மத்தியானம் உடைந்து தெருவுக்குள் வந்துவிட்டது. தெரு முழுக்க அக்கா வேலை பார்த்த பட்டறையின் மாடிக்கு ஓடினோம். பொம்மைகளையும் கோப்பைகளையும் வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டுகிற அறை அது. ஆளுக்கொரு மூட்டை. அரிசி, துணி, மாத்திரை, மிக்ஸி. நான் புத்தக மூட்டையோடு போனேன். மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அறையில் பாதிக் கூரை ஒழுகியது. காய்ந்த பாதியில் நாங்கள் பரவலாகப் படுக்கையை விரித்துக்கொண்டோம். இருட்டத் தொடங்கும் நேரத்தில் படிக்கட்டில் இன்னும் சிலர் வந்தார்கள். பட்டறையில் சூளை வேலை பார்க்கும் பீகார்க்காரர்கள். தகரக் கொட்டகையில் கிடந்தவர்கள், கொட்டகை போய்விட்டது. முன்னால் நின்றவன் கையில் கைக்குழந்தை. பின்னால் அவன் மனைவி, முக்காடு நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

"அண்ணா, பாப்பாவுக்கு காய்ச்சல். கொஞ்சம் எடம்."

யாரும் எழவில்லை. எங்கள் மளிகைக்கடைக்காரர் வாயைத் திறந்தார். "எங்கப்பா எடம் இருக்குது? எங்களுக்கே கால் நீட்ட முடியல. படிக்கட்டுல ஒக்காருங்க, விடிஞ்சா பாத்துக்கலாம்." படிக்கட்டில் சாரல் நேராக அடித்துக்கொண்டிருந்தது. குழந்தை அழக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் என் புத்தக மூட்டையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெருந்தன்மையாக இடம் விடுகிறேன் என்று அப்போது நினைத்தேன்.

ஒழுகுகிற ஓரத்தில் உட்கார்ந்திருந்த மிலிட்டரி எழுந்தார்.

"எல்லாரும் எந்திரிங்க."

"என்னாத்துக்கு?"

"எடம் இருக்குது. நீங்கதான் மல்லாக்கப் படுத்துக்கிட்டு இல்லன்றீங்க."

அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. சாக்ஸ் பற்றிப் பேசுகிற குரல் இல்லை. எழுந்தோம். பெட்டிகளை நடுவில் சுவர் மாதிரி அடுக்கி அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள் என்றார். பெண்கள் பக்கத்தை அக்கா பார்த்துக்கொண்டார். மிலிட்டரி தரையில் வைக்கோலைக் கனமாகப் பரப்பினார். ஈரத் துணிகளைத் தனியே வாங்கினார். என் புத்தக மூட்டையைத் தூக்கி, கேட்காமல், வாசற்படியில் தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் அணையாக வைத்தார். போரைப் பற்றிய அத்தனை புத்தகங்களும் முதல்முறையாக ஒரு போர்முனையில் வேலை செய்தன.

"ஒருக்களிச்சு. எல்லாரும் ஒரே பக்கம் பாத்து. முட்டிய மடிச்சு முன்னால இருக்குறவரு முட்டிக்குப் பின்னால வைங்க. வெக்கப்படாதீங்க, குளுருக்கு வெக்கம் கெடையாது."

"யோவ் மிலிட்டரி, நான் சுகர் பேஷண்ட்டு" என்றார் மளிகைக்காரர்.

"சுகருக்கு முட்டி மடங்காதா?"

மடங்கியது. கரண்டிகளாக அடுக்கப்பட்டோம். எனக்கு முன்னால் மளிகைக்காரரின் முதுகு, பின்னால் பீகார்க்காரனின் முட்டி. பார்த்தால், காய்ந்த இடத்திலேயே பாதி மிச்சம். வந்தவர்கள் எல்லோரும் படுத்த பிறகும் மிச்சம். குழந்தை பெண்கள் வரிசையின் நடுவில், இரண்டு பக்கமும் சூடாக, அக்காவுக்கும் தாய்க்கும் இடையில். நனைகிற ஓரத்தில் மிலிட்டரி தன் முதுகைக் கொடுத்துப் படுத்தார்.

"நீங்க உள்ள வாங்க, எடந்தான் இருக்குதே" என்றேன்.

"ஓரம் எனக்கு சார்."

நெடுநேரம் அப்படியே கிடந்தோம். என் கை மரத்தது. எல்லோர் கையும் மரத்திருக்க வேண்டும், முனகல்கள் கேட்டன. யாராவது ஒருவர் திரும்பினால் மொத்தமும் கலைந்துவிடும். அப்போது ஓரத்திலிருந்து அவர் குரல், உரக்க, தெளிவாக வந்தது.

"கர்வட்!"

முதலில் வாயைத் திறந்தவர் மளிகைக்காரர். "ஏம்ப்பா, இந்த வெள்ளத்துல கருவாட்டுக்கு நான் எங்க போவேன்?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் பீகார்க்காரர்கள் மட்டும். இருட்டில் கவனித்தேன், அவர்கள் ஏற்கெனவே மறுபக்கம் திரும்பிவிட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த முட்டி இப்போது முதுகாகியிருந்தது. பெட்டிச் சுவருக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான், குழந்தையின் தாய் திரும்பிப் படுத்திருந்தாளாம்.

"கருவாடு இல்ல அண்ணா," என்றான் எனக்குப் பின்னால் கிடந்த பீகார்க்காரன். "கர்வட். எங்க பாஷை, இந்தி. கர்வட்னா, இப்டி படுத்தா, அப்டி. திரும்பிப் படு."

சிரிப்பு நின்றது. பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் வைக்கோல் சரசரத்தது. மிலிட்டரியக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

"ஏங்க."

ஓரத்திலிருந்து ஒரு குறட்டை வந்தது.

"ஏங்க, தூங்குற மாதிரி நடிக்காதீங்க. அப்ப நீங்க கேட்டது கருவாடு இல்லியா?"

"நான் எப்ப கருவாடு கேட்டேன்?"

"தூக்கத்துல! இத்தினி வருசமா! நானும் வெயில்ல மங்கலம்பேட்டைக்கு அலைஞ்சு அலைஞ்சு வாங்கியாந்து…"

"ஒனக்குப் புடிச்சதுன்னு நெனச்சேன்."

"எனக்கா? அந்த நாத்தத்த மூக்கப் புடிச்சுக்கிட்டுல்ல ஆக்குறேன்!"

"நானும் மூக்கப் புடிச்சுக்கிட்டுத்தான் தின்னேன். ஆசையா போடுறியேன்னு."

அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "சரி, இப்ப சொல்லுங்க."

"என்னா?"

"அதான், அந்த ஆர்டரு. கை மரத்துப்போச்சு எனக்கு."

"கர்வட்!"

மொத்த அறையும் ஒரே நேரத்தில் திரும்பியது. வைக்கோல் முழுக்க ஒரே சத்தம். மளிகைக்காரர் திரும்பினார், சர்க்கரை வியாதி திரும்பியது, நான் திரும்பினேன், பீகார் திரும்பியது. என் வாழ்நாளில் நான் ஒரு படையில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியுமானால் அது அந்த நேரத்தில்தான். எங்கள் ஊர் எத்தனையோ விதத்தில் மண்ணைப் பிசைந்து அச்சில் போட்டிருக்கிறது. எங்களை ஒருவர் அப்படிப் போட்டு எடுத்தது அன்றைக்குத்தான். பிறகு கை மரத்தவர்களெல்லாம் அவரவராகவே குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மளிகைக்காரர் தேவைக்கு அதிகமாகவே கொடுத்தார். விடியும்போது குழந்தைக்கு வேர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கி, வீறிட்டு அழுதது. அவ்வளவு நல்ல அழுகையை நாங்கள் கேட்டதில்லை. மிலிட்டரியின் முதுகு மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. சாக்ஸைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார், காய்ந்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் பத்திரிகைக் கட்டுரையை உட்கார்ந்து எழுதினேன். உலகப் போரையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இவரைப் பற்றியே எழுதினேன். சுடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும், பக்கத்தில் கிடப்பவனைக் குளிரவிடாமல் தூங்குவதற்கு அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போது எனக்கே மார்பு விரிந்தது. இப்படி ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார் என்று சொல்ல இன்றும் விரிகிறது.

அச்சுக்கு அனுப்புமுன் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்தபடி, "படிங்க சார், கேக்குறேன்" என்றார். அக்கா தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கருவாடு இல்லை. "இன்னமும் தூக்கத்துல சொல்லிக்கிட்டுதான் இருக்குறாரு சார். நானும் கூடவே திரும்புனாத்தான் திரும்புவாரு. இல்லன்னா விடியவிடிய அப்புடியே கெடப்பாரு. என் தூக்கம் போனதுதான் மிச்சம்" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். மலையைப் படித்தேன், பனியைப் படித்தேன். தைரியம் பற்றிய இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு, இரண்டு தடவை படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மெல்லிய குறட்டை. அழுகையை மறைக்கத்தான் திரும்பினார் என்று நினைக்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என் எழுத்து அப்படி.

"எப்படி இருக்குதுக்கா?" என்றேன்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பாக்குறேன் சார், இன்னிக்குதான் மனுசன் ஆர்டரு குடுக்காம தானா திரும்பிப் படுத்துருக்காரு" என்றார் மிலிட்டரியக்கா. "தெனம் மத்தியானம் வந்து எதயாச்சும் படிச்சிட்டுப் போங்க."